பேம்பூ பஜாரில் ஒரு பழைய மரக்கடை: தேக்கின் வயதும் ஆண்டு வளையங்களும்

பெங்களூரு பேம்பூ பஜார்ப் பகுதியில், இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண், உத்தரம் ஆகியவற்றை வாங்கி விற்கும் கடைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில், அல்சூரில் உள்ள எங்கள் வீட்டைப் புதுப்பிப்பதற்காக ஒரு தேக்கு நிலைக்கதவும், மேசைப் பலகை அறுத்துக்கொள்வதற்காக ஓர் உத்தரமும் வாங்கினேன். மரத்தின் தரமும் விலையும் மனநிறைவாகவே இருந்தன. அவற்றைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடையை நான் பிறருக்குச் சிபாரிசு செய்வதற்கு முதற்காரணம், மரத்தின் வயதைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாத அவர்களுடைய நேர்மைதான்.

இந்த வியாபாரத்தில் அது அரிது. அதே வட்டாரத்தில் நான் ஏறி இறங்கிய மற்றொரு கடையில், ஒரு கதவின் பின்புறம் சாக்பீஸால் 1850 என்று எழுதியிருந்தார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டபோது, பார்த்தாலே தெரியவில்லையா என்ற பதில்தான் கிடைத்தது. இன்னொரு இடத்தில் தூண், ஜன்னல், ஊஞ்சல் பலகை என எல்லாமே 150 வருடத்து மரமாக இருந்தன. வயதைச் சொன்னால் விலை ஏறும் என்பதால் வயது தாராளமாகச் சொல்லப்படுகிறது. நான் குறிப்பிடும் இந்தக் கடையிலோ, கணக்கு எழுதும் பெரியவரிடம் உத்தரத்தின் வயதைக் கேட்டேன். “மரத்தோட வயசு எனக்குத் தெரியாதும்மா. எந்த வீட்டுல இருந்து வந்துச்சு, எப்போ இடிச்சாங்க, அது நோட்டுல இருக்கு, பாருங்க” என்று சொல்லி, நீளமான கணக்கு நோட்டு ஒன்றை என் பக்கம் திருப்பி வைத்தார். எந்தப் பகுதி, எந்தத் தெரு, வராந்தாவின் உத்தரமா மாடியின் உத்தரமா, இடித்து இறக்கிய தேதி என்ன என்பவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அந்த நோட்டின் எண்ணே மரத்தின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டாலும் எழுதப்பட்டிருந்தது. கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் எனக்கு, அந்தக் கடையில் இருந்த விலைமதிப்புள்ள பொருள்களில் அந்த நோட்டும் ஒன்றாகவே பட்டது.

பழைய மரம் ஒன்றுக்கு உண்மையில் மூன்று வயதுகள் உண்டு. மரம் காட்டில் எத்தனை ஆண்டுகள் உயிரோடு வளர்ந்தது என்பது ஒன்று. அதை வெட்டிச் சாய்த்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது இரண்டாவது. அது எந்த வீட்டில், எப்போது ஏற்றப்பட்டது என்பது மூன்றாவது. கடைக்காரர்கள் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பி ஒரே எண்ணாகச் சொல்லிவிடுகிறார்கள். இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்கவும், மரத்தைக் கொண்டே அதன் ஆண்டைச் சொல்லவும் உலகுக்கு வழி காட்டியவர் ஆண்ட்ரூ எல்லிகாட் டக்ளஸ் என்ற அமெரிக்க வானியலாளர். பழைய மரம் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் அவருடைய முறையை ஓரளவாவது அறிந்துகொண்டு போவது நல்லது என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1867-ல் பிறந்த டக்ளஸ், பெர்சிவல் லோவல் என்ற செல்வந்தர் அரிசோனா மாநிலத்தின் பிளாக்ஸ்டாஃப் நகரில் தமது வானாய்வகத்தை நிறுவ 1894-ல் துணைநின்றவர். செவ்வாய்க் கோளில் அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் தெரிகின்றன என்று லோவல் உறுதியாக நம்பினார். அந்தக் கோடுகளில் பல, பார்ப்பவரின் கண்மயக்கமாக இருக்கலாம் என்று டக்ளஸ் ஐயுற்றார்; அதன் விளைவாக 1901-ல் வேலையிழந்தார். ஆனாலும் அந்த ஊரிலேயே தங்கி, நீதிபதி பதவி வகித்தும், ஆசிரியராகப் பணியாற்றியும் காலம் தள்ளியபோது, அவருடைய மனம் சூரியனையே சுற்றிவந்தது. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. சூரியனின் மாற்றம் மழையை மாற்றுமானால், மழை மரத்தின் வளர்ச்சியை மாற்றுமானால், பழைய மரங்கள் ஆண்டுக்கு ஒன்றாகப் போட்ட வளையங்களில் சூரியனின் வரலாறே பதிவாகியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். வறண்ட அந்த நிலப்பகுதியின் பைன் மரங்கள், மழை பெய்த ஆண்டில் அகன்ற வளையமும் பொய்த்த ஆண்டில் குறுகிய வளையமும் போட்டிருந்தன. சூரியப் புள்ளிகளுக்கும் வளையங்களுக்கும் இடையே அவர் தேடிய உறவு உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. ஆனால் அந்தத் தேடலின் வழியில் அவருக்குக் கிடைத்தது, தேடியதைவிடப் பெரியது.

பிளாக்ஸ்டாஃப் மரங்களில் அவர் கண்ட குறுகிய வளையங்களின் வரிசை, 1911-ல் பிரெஸ்காட் என்ற தொலைவூரின் மரங்களிலும் அப்படியே இருப்பதைக் கண்டார். இங்கேதான் முறையின் உயிர் இருக்கிறது. ஒரு மரத்தின் வளையங்களை எண்ணினால் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். சில ஆண்டுகளில் மரம் வளையமே போடாமல் விட்டுவிடும், சில ஆண்டுகளில் நடுவே வறட்சி வந்து மீண்டும் மழை பெய்தால் இரண்டு வளையம்போலத் தோற்றமளிக்கும் என்பதால், அந்த எண்ணிக்கையும் தவறலாம். ஒரு மரத்தின் வரிசையை மற்றொரு மரத்தோடும், அதைப் பல மரங்களோடும் பொருத்திப் பார்க்கும்போதுதான் விடுபட்டதும் மிகைப்பட்டதும் வெளிப்பட்டு, ஒவ்வொரு வளையமும் ஓர் ஆண்டுக்கு உரியதாக உறுதிப்படுகிறது. இன்று உயிரோடு நிற்கும் மரத்தின் உட்புற வளையங்களும், முன்பே வெட்டிய ஒரு மரத்தின் வெளிப்புற வளையங்களும் ஒத்துப்போனால், அந்தப் பழைய மரத்தின் ஆண்டுகள் தெரிந்துவிடும். அதைக்கொண்டு அதற்கும் முந்தைய மரத்தை இணைக்கலாம். இப்படி, ஒன்றின் தலையில் மற்றொன்றின் காலை வைத்துப் பின்னோக்கி ஏறிக்கொண்டே போகலாம்.

தொல்லியலாளர்கள் இதை விரைவிலேயே புரிந்துகொண்டார்கள். நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில் பியூப்லோ பொனிட்டோ என்ற பெரிய கற்கட்டடம் சிதைந்து கிடந்தது. அதைக் கட்டியவர்கள் எந்தக் காலத்தவர் என்பது எவருக்கும் தெரியாதிருந்தது. அதன் உத்தரங்களையும் பிற இடிபாடுகளின் உத்தரங்களையும் கொண்டு டக்ளஸ் 585 ஆண்டு நீளமுள்ள ஒரு வரிசையை அமைத்தார். ஆனால் அந்த 585 ஆண்டுகள் எந்த நூற்றாண்டுகளில் விழுகின்றன என்று சொல்ல முடியவில்லை. உயிருள்ள மரங்களிலிருந்து பின்னோக்கிச் சென்ற வரிசையோடு அது இணையாமல் அந்தரத்தில் நின்றது. நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டியின் ஆதரவில் 1923-லும் 1928-லும் 1929-லும் உத்தரங்களைத் தேடியே குழுக்கள் அனுப்பப்பட்டன. அமெரிக்கப் பழங்குடியினரான ஹோபி மக்கள் தொடர்ந்து வாழ்ந்துவரும் ஓராய்பி கிராமத்தின் வீடுகளிலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. இறுதியில் 1929 ஜூன் 22 அன்று அரிசோனாவின் ஷோ லோ என்ற சிற்றூரில், லிண்டன் ஹார்கிரேவும் எமில் ஹவுரியும் மண்ணுக்குள்ளிருந்து கரிந்துபோன ஓர் உத்தரத் துண்டை எடுத்தார்கள். எச்எச்-39 என்று எண்ணிடப்பட்ட அந்தத் துண்டின் வளையங்கள் 1237 முதல் 1380 வரை நீண்டிருந்தன. அவற்றின் உட்பகுதி பழைய வரிசையோடும் வெளிப்பகுதி புதிய வரிசையோடும் பொருந்தின. பியூப்லோ பொனிட்டோவின் உத்தரங்கள் 919-க்கும் 1130-க்கும் இடைப்பட்டவை என்பது அதனால் தெளிவாயிற்று. பல ஆண்டுகள் நிபுணர்களைத் திகைக்கவைத்த கேள்விக்கு, அடுப்பில் போட்டாலும் யாரும் கவலைப்படாத ஒரு கரிக்கட்டை விடை சொன்னது. 1937-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் நிறுவப்பட்டது. 1962-ல் டக்ளஸ் மறைந்த பின்னரும் இன்றுவரை அது இயங்கிவருகிறது.

நான் வாங்கிய உத்தரத்துக்கு வருகிறேன். அதன் ஒரு முனையிலிருந்து கை அகலத்துக்கு ஒரு துண்டை அறுத்துத் தரும்படி கேட்டேன்; மறுப்புச் சொல்லாமல், பக்கத்து அறுவை மில்லில் கொடுத்து அறுத்துத் தந்தார்கள். வீட்டுக்கு வந்து, வெட்டு முகத்தை முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பிறகு படிப்படியாக மிக நயமான தாளாலும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தபோது வளையங்கள் தெளிந்தன. தேக்கில் இது எளிது. கோடையில் இலையுதிர்த்து ஓய்ந்திருக்கும் மரம், முதல் மழைக்குப் புதிய கட்டையைப் போடத் தொடங்கும்போது பெரிய துளைகளை ஒரே வரிசையாக உண்டாக்குகிறது. வெறும் கண்ணுக்கே அந்தத் துளைவரிசை ஊசியால் குத்திய கோடுபோல் தெரியும், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் ஒவ்வொரு துளையையும் தனித்தனியே பார்க்கலாம். மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு நேர்கோடு போட்டு எண்ணியதில் 86 வளையங்கள் இருந்தன. பெரும்பாலானவை இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம் கொண்டவை. வேகமாக வளர்த்து வெட்டும் இன்றைய தோட்டத் தேக்கில் வளையங்கள் இதைவிட நன்றாக அகன்றிருக்கும். ஆகவே இது இயற்கைக் காட்டில் மெல்ல வளர்ந்த மரமாகவே இருக்க வேண்டும்.

கடையின் நோட்டு இங்கே கைகொடுத்தது. உத்தரம் ஃபிரேசர் டவுனில் இடித்த ஒரு பங்களாவின் வராந்தாவிலிருந்து வந்ததாக அதில் எழுதியிருந்தது. 1898-ல் பெங்களூரைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின் திட்டமிடப்பட்ட அந்தக் குடியிருப்புக்கு 1906-ல் அடிக்கல் நாட்டினார்கள். எனவே பங்களா அதற்குப் பிந்தையதாகத்தான் இருக்கும். ஆனால் உத்தரம் அந்தப் பங்களாவுக்கென்றே வெட்டப்பட்டதா, அதற்கு முன் வேறொரு கட்டடத்தைத் தாங்கிவிட்டு வந்ததா என்பது வேறு கேள்வி. நல்ல உத்தரத்தை எவரும் வீணாக்குவதில்லை. நானே இப்போது அதைத்தானே செய்கிறேன்.

மையத்திலிருந்து எண்ணிவரும்போது, ஓரிடத்தில் நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் மிகக் குறுகியிருந்தன. தென்னிந்தியாவையே உலுக்கிய 1876–78 தாது வருஷப் பஞ்சம்தான் தமிழர் எவருக்கும் உடனே நினைவுக்கு வரும். மைசூர் ராஜ்யத்தையும் அது கடுமையாக வாட்டியது. அந்தக் குறுகிய வளையங்களைத் தாது வருஷம் என்று சொல்லிவிட ஆசையாகவே இருந்தது. ஆனால் டக்ளஸின் முறை அப்படிச் சொல்ல அனுமதிப்பதில்லை. பக்கத்து மரத்தின் நிழல், காட்டுத்தீ, இலையை அரிக்கும் புழு என எதுவும் ஒரு மரத்தை நான்கு ஆண்டுகள் நலியச் செய்யும். ஒரே காட்டின் பல மரங்களில் அதே இடத்தில் அதே நலிவு இருந்தால்தான் அதற்கு மழையைக் காரணம் காட்டலாம். ஏற்கெனவே ஆண்டு குறிக்கப்பட்ட வரிசையோடு பொருந்தினால்தான் அதற்கு ஓர் ஆண்டைச் சூட்டலாம். டக்ளஸ் கையாண்ட வழியில், குறுகிய வளையங்களுக்கு மட்டும் கோடு போட்டு, குறுகக் குறுகக் கோட்டை நீட்டி, கிராஃப் தாளில் ஒரு பட்டை தயாரித்து வைத்திருக்கிறேன். அதை நகர்த்திப் பொருத்திப் பார்ப்பதற்கு, அதே காட்டைச் சேர்ந்த மற்றொரு பட்டை வேண்டும்.

தேக்கில் அத்தகைய வரிசைகள் இல்லாமலில்லை. ஜாவாத் தீவில் பெர்லாகே என்பவர் 1514 முதல் 1929 வரையிலான தேக்கு வளைய வரிசையை 1931-லேயே வெளியிட்டார். கேரளத் தேக்கைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கு ஒரு வரிசையைப் புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் அமைத்திருக்கிறார்கள். பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோவால் பருவமழை குன்றிய ஆண்டுகள் அதில் குறுகிய வளையங்களாகத் தெரிகின்றன. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்திலும் மர வளைய ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஆயினும் மலபார் தேக்கின் வரிசையைக் கொண்டு பர்மா தேக்கை அளக்க முடியாது. இரண்டும் வெவ்வேறு மழையைக் குடித்தவை. செட்டிநாட்டு வீடுகளைப் போலவே பெங்களூரு கண்டோன்மெண்ட் வீடுகளுக்கும் பர்மாவிலிருந்து மரம் வந்தது. பர்மா தேக்குக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதால், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிக்கட்டையையும் வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிட்டு, அதன் பிறகே சாய்த்து ஆற்றில் விட்டார்கள். எனவே கடைசி வளையம் காட்டுவது, மரம் சாய்ந்த ஆண்டை அல்ல, பட்டை வெட்டப்பட்ட ஆண்டை. மரத்தில் எஞ்சியுள்ள கதிரியக்கக் கார்பனை அளந்து வயதைக் கணிக்கும் கார்பன் சோதனைக்கு அனுப்பலாமே என்று சிலர் கேட்டார்கள். 1650-க்குப் பிந்தைய மரத்துக்கு அந்தச் சோதனை ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களைக் காட்டும். கார்பன் அளவை ஆண்டாக மாற்றித் தரும் அட்டவணையே, ஆண்டு தெரிந்த மர வளையங்களைக் கொண்டு சரிபார்க்கப்பட்டதுதான்.

இந்தக் கடையின்மீது எனக்குள்ள முக்கியமான குறையும் இங்கிருந்தே எழுகிறது. மரத்தின் கடினமான உள்கட்டையான வைரத்தைச் சுற்றியுள்ள வெளிர்நிறக் கட்டையை ஆசாரிகள் வெள்ளை என்பார்கள். பூச்சி முதலில் பற்றுவது அதைத்தான் என்பதால், மரம் கடைக்கு வந்து இறங்கியதுமே நான்கு பக்கமும் வெள்ளையை அறுத்துத் தள்ளிவிட்டு, வைரத்தை மட்டும் அடுக்கி வைக்கிறார்கள். வாங்குபவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள் என்பது உண்மை. பூச்சி அரித்த மரத்தை மற்ற மரங்களோடு அடுக்குவதும் ஆபத்துதான். ஆனால் மரத்தின் கடைசி வளையங்கள் அந்த வெள்ளையில்தான் இருக்கின்றன. அது போய்விட்டால், வளையங்களை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும், மரம் இந்த ஆண்டுக்குப் பிறகு வெட்டப்பட்டது என்று மட்டுமே சொல்லலாம். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்று சொல்ல முடியாது. என் உத்தரத்தின் 86 வளையங்களுக்கு வெளியே இன்னும் எத்தனை இருந்தனவோ, அவை அனைத்தும் அறுவைத் தூளாகிவிட்டன. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். முழு நீளத்துக்கும் வெள்ளையை விட்டுவைக்க வேண்டாம், ஒவ்வொரு வீட்டின் மரத்திலிருந்தும் ஒரே ஒரு முனைத்துண்டை, பட்டை இருந்த விளிம்போடு சேர்த்து அறுத்து, நோட்டின் எண்ணை அதன்மேல் எழுதித் தனியே வைத்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். இடம் வேண்டுமே என்றார். செய்ய மாட்டேன் என்று சொல்லவில்லை. நகரத்தில் பழைய பங்களாக்கள் தொடர்ந்து இடிந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில், அப்படி ஓர் அலமாரி நிறையத் துண்டுகள் சேர்ந்தால் ஆராய்ச்சியாளர்களுக்கு அதன் மதிப்பு மிகப் பெரிதாக இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். இந்தக் கடைக்குப் போகிறவர்கள் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாடிக்கையாளர் பலர் கேட்டால் இடம் தானாகவே கிடைத்துவிடும்.

இனி, வாங்குபவருக்கு வேண்டிய விவரங்கள். உத்தரம், பலகை ஆகியவற்றைக் கன அடிக் கணக்கிலும், கதவு, நிலை, தூண் ஆகியவற்றை உருப்படிக் கணக்கிலும் விற்கிறார்கள். பேரத்துக்கு ஓரளவு இடமுண்டு. அளக்கும்போது, பழைய துளைகளும் வெடிப்புகளும் உள்ள முனைகளைக் கழித்தே அளந்தார்கள். இதை எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க முடியாது. கொல்லர் அடித்த சதுர ஆணிகள் பழைய மரத்துக்குள் முறிந்து கிடக்கும் என்பதால், ஆணி எடுத்துத் தருவீர்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கதவில் எல்லாவற்றையும் எடுத்திருந்தார்கள். உத்தரத்தில் ஒன்று தங்கிவிட்டதால் அறுவை மில்லில் பிளேடு பல் உடைந்து, அதற்கான செலவைக் கடைக்காரரே ஏற்றுக்கொண்டார். டெம்போ ஏற்பாடு செய்து தருகிறார்கள், ஆனால் ஏற்று கூலியும் இறக்கு கூலியும் தனி என்பதைப் பில் போடும்போதுதான் சொன்னார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சில கதவுகளுக்குக் கருப்பு எண்ணெய் பூசிப் பழமை கூட்டியிருக்கிறார்கள். எண்ணெய் ஏறிய முனையில் வளையங்கள் தெரியாது என்பதோடு, பலாவையும் வேங்கையையும் தேக்கிலிருந்து பிரித்தறிவதும் கடினமாகும். எண்ணெய் பூசாத உருப்படியைக் கேட்டால் பின்கட்டிலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள்.

கடையில் தமிழ், கன்னடம், உருது மூன்றும் பேசுகிறார்கள். நிலைக்கதவு, தூண், உத்தரம் தேடுபவர்கள் இங்கே முதலில் பார்க்கலாம்; மெருகேற்றிய மேசை நாற்காலி வேண்டுவோருக்கு இந்தக் கடை பொருந்தாது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக மூடுவார்கள். மழைக்காலத்தில் பின்கட்டில் தண்ணீர் தேங்குவதால் மரங்களை இடம் மாற்றி அடுக்கிவிடுகிறார்கள். முன்பு பார்த்து வைத்த உருப்படியை மறுபடி கண்டுபிடிக்க, அதன்மேல் சிவப்புப் பெயிண்டால் எழுதியுள்ள நோட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.